வாங்குபவரின் ஸ்கீமா மாறியது: டெலிவரி செய்தி திரும்பி வருகிறது, ஆர்டரில் அரை சைஸ்கள் காணவில்லை

ஆம்பூர் கணினிப்பிரிவு எழுதியது:

வணக்கம். ஆம்பூரில் ஏற்றுமதி செய்யும் ஷூ தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு என்று பெயர், இருப்பது நானும் இன்னொருவரும்தான். ஜெர்மனியில் இருக்கும் எங்கள் வாங்குபவர் தம் ஆர்டர்களை வெப் சர்வீஸ் வழியாகத் தருகிறார். அவற்றை எடுத்து எங்கள் டேட்டாபேஸில் சேர்க்கிறோம். சரக்கு கண்டெய்னரில் ஏறியதும் டெலிவரி விவரத்தை அதே சர்வீஸுக்கு அனுப்புகிறோம். எக்ஸ்எம்எல்லில் எழுதும் சோப் செய்திகள்; சர்வீஸ் என்ன வாங்கும், என்ன தரும் என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்புதான் ஒப்பந்தம். எங்கள் பக்கம் ஜாவா 8, ஆரக்கிள் டேட்டாபேஸ். டபிள்யூஎஸ்டிஎல்லைப் படித்து ஜாவா கிளாஸ்களை எழுதித் தரும் டபிள்யூஎஸ்இம்போர்ட் கருவி கொண்டு எங்கள் கிளாஸ்களை உருவாக்கியவர் இப்போது இங்கே இல்லை.

இந்த சீசன் தொடங்கியதும் வாங்குபவர் ஸ்கீமாவை, அதாவது செய்தியில் எந்த உறுப்பு எந்த வரிசையில், எந்த வகையில் வர வேண்டும் என்ற விதியை, மாற்றியிருக்கிறார். எங்களுக்கு அறிவிப்பு வரவில்லை. சர்வீஸ் முகவரியும், உறுப்புப் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் நேம்ஸ்பேஸும் பழையவையே. அதன் பிறகு இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, டெலிவரி விவரம் அனுப்பினால் அவர்கள் சர்வரிலிருந்து பிழைச் செய்தி திரும்புகிறது. அன்மார்ஷலிங் எரர், சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப்.2.4.ஏ என்று தொடங்குகிறது. 'நெட்வெயிட்' என்ற உறுப்பில் தொடங்கும் உள்ளடக்கம் செல்லாது, அந்த இடத்தில் 'கண்ட்ரிஆஃப்ஆரிஜின்' எதிர்பார்க்கப்படுகிறது என்பது அதன் பொருள்.

இரண்டாவதுதான் எனக்குப் புரியவில்லை. ஆர்டர் எடுக்கும்போது பிழையே இல்லை. பதிவேட்டிலும் ஒன்றும் இல்லை. ஆனால் 1,200 ஜோடி ஆர்டருக்கு ஜாப் கார்டு 660 ஜோடிக்குத்தான் அச்சாகியிருக்கிறது. கட்டிங் பிரிவு சூப்பர்வைசர் கார்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார். டேட்டாபேஸில் பார்த்தால் மீதி 540 ஜோடியும் இருக்கிறது, ஆனால் சைஸ் 0 என்று. 0 எங்கள் சைஸ் பட்டியலில் இல்லாததால் கார்டில் வரவில்லை. போன சீசன் வரை 36, 37 என்று ஐரோப்பிய சைஸ்கள் வந்தன. இப்போது 3, 3.5, 4 என்று இங்கிலாந்து சைஸ்கள்.

இரண்டும் ஒரே நோயா, வெவ்வேறா? எங்கிருந்து தொடங்குவது? அடுத்த கண்டெய்னருக்கு நாள் நெருங்குகிறது.


சத்துவாச்சாரி வாசகன் எழுதியது:

முதல் சிக்கலுக்கு உடனடி வழி இருக்கிறது. அனுப்பும் எக்ஸ்எம்எல் செய்தியில் நெட்வெயிட்டுக்கு முன்னால் அந்தப் புதிய உறுப்பைக் கைமுறையாகச் செருகி அனுப்புங்கள், போய்விடும். இல்லையென்றால் சரிபார்ப்பை நிறுத்தி வைக்கச் சொல்லி அவர்களைக் கேளுங்கள். சைஸ் சிக்கலுக்கு, அந்தப் புலத்தின் வகையை முழு எண்ணான இன்டிலிருந்து புள்ளி எண்ணான டெசிமலுக்கு மாற்றினால் தீர்ந்தது. கண்டெய்னர் போகட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.


பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, கைமுறையாகச் செருகுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். சைஸ் புலத்தை மட்டும் டெசிமலாக மாற்றிவிட்டு நிற்கவே நிற்காதீர்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், ஏனென்றால் உங்கள் தொழிலில் தவறான எண் ஒன்று கட்டிங் மேசைக்குப் போனால் தோல் வெட்டப்பட்டுவிடும். வெட்டிய தோலை ஒட்ட முடியாது.

நோய் ஒன்றுதான். வாங்குபவரிடம் இருக்கும் ஸ்கீமா ஒன்று, உங்கள் கிளாஸ்கள் பிறந்த ஸ்கீமா இன்னொன்று. பேட்டர்ன் மாறிய பிறகும் தோல் வெட்டும் பழைய டையை வைத்து வெட்டிக்கொண்டிருப்பது போல. வெளிப்படும் விதம் மட்டும் வேறு, ஏனென்றால் இரு பக்கமும் சரிபார்க்கும் கண்டிப்பு வேறு. அவர்கள் சர்வர் வரும் செய்தியை ஸ்கீமாவோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் திருப்பி அனுப்புகிறது. உங்கள் பக்கம் அப்படி ஒப்பிடுவதில்லை. எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி, தனக்கு மாற்றத் தெரியாத மதிப்பு வந்தால் இயல்பு நிலையில் கூச்சல் போடாது. இன்ட் புலத்துக்கு "3.5" வந்தால் புள்ளியைக் கண்டதும் உள்ளே ஒரு எச்சரிக்கையை எழுப்பும். அதைக் கேட்க யாரும் நியமிக்கப்படவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த புலத்துக்குப் போய்விடும். புலம் பிறந்தபோது என்ன மதிப்போ அதுவே நிற்கும். கட்டாயப் புலமாக இருந்து கிளாஸில் சாதாரண இன்ட் ஆகியிருந்தால் 0. விருப்பப் புலமாக இருந்து இன்டீஜர் ஆகியிருந்தால் வெற்று. உங்களுக்கு 0 வந்திருப்பதால் அது கட்டாயப் புலம்.

ஆகவே பிழை தரும் முதல் சிக்கலை நான் பெரிதாக எண்ணவில்லை. எந்த உறுப்பு, எந்த இடம், என்ன வேண்டும் என்று அதுவே சொல்லிவிட்டது. பிழையே தராத இரண்டாவதுதான் கவனம் கேட்கிறது.

இனி வேலை.

முதலில் புரோகிராம் கோட் எதையும் திறக்காதீர்கள். இரண்டு பொருள்களைக் கையில் எடுங்கள். ஒன்று, உண்மையில் போன, உண்மையில் வந்த எக்ஸ்எம்எல் செய்திகள். ஆப்ஜெக்டை அச்சிட்டுப் பார்ப்பது போதாது, நெட்வொர்க்கில் ஓடிய எழுத்துகளே வேண்டும். ஓடும் செய்திகளை அப்படியே எழுதிக் காட்டும் டம்ப் அமைப்பு உங்கள் ஜாவாவில் உண்டு. இல்லையென்றால் சோப்யூஐ மென்பொருளில் அதே கோரிக்கையை அனுப்பி, வரும் பதிலைச் சேமியுங்கள். இரண்டு, அவர்கள் சர்வர் இன்று தரும் டபிள்யூஎஸ்டிஎல். அது மட்டும் போதாது. ஸ்கீமா எழுதப்பட்டிருப்பது அது இம்போர்ட் செய்யும் எக்ஸ்எஸ்டி கோப்புகளில். அவை ஒவ்வொன்றையும் இறக்குங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மேல் கோப்பு மாறியிருக்காது, மாற்றமெல்லாம் அது இழுக்கும் மூன்றாவது கோப்பில் இருக்கும். உங்கள் புராஜெக்டில் கிடக்கும் பழைய கோப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபாடு ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். பிழை ஒன்றைக் காட்டியது என்பதற்காக மாற்றம் ஒன்றுதான் என்று பொருளில்லை. சரிபார்ப்பவர் ஓர் உறுப்பில் இடறினால் அதற்குப் பின்னால் இருப்பவற்றைப் பற்றி நம்பகமாக எதுவும் சொல்ல முடியாது. சத்துவாச்சாரி அண்ணன் சொன்னபடி ஒரு உறுப்பைச் செருகினால், அடுத்த முறை அடுத்த உறுப்பில் நிற்கும். அதையும் செருகுவீர்கள். அப்படியே போகும்.

பிழை எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், நேரம் மிச்சமாகும். 2.4.ஏ என்றால் இந்த இடத்தில் வேறொன்று வர வேண்டும். 2.4.பி என்றால் உள்ளடக்கம் முடிந்துவிட்டது, ஆனால் இன்னும் வர வேண்டியது பாக்கி. 2.4.டி என்றால் இந்த இடத்தில் இனி எதுவும் வரக் கூடாது, நீங்கள் கூடுதலாக அனுப்பியிருக்கிறீர்கள். சிவிசி-டேட்டாடைப்-வேலிட் என்று தொடங்கினால் உறுப்பு சரி, உள்ளே இருக்கும் மதிப்பு அந்த வகைக்கு ஒவ்வாதது. சிவிசி-ஈஎல்டி.1 என்றால் அந்த உறுப்புக்கு அறிவிப்பே இல்லை. இது பெரும்பாலும் நேம்ஸ்பேஸ் கோளாறு. நேம்ஸ்பேஸில் கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் அது வேறு பெயர்தான்.

உங்கள் 2.4.ஏ வரிசைக் கோளாறு. எக்ஸ்எஸ்டியில் சீக்வென்ஸ் என்று எழுதினால் உறுப்புகள் எழுதிய வரிசையிலேயே வர வேண்டும். ஓர் உறுப்பின் மின்ஆக்கர்ஸ் மதிப்பை எழுதாமல் விட்டால் அது 1, அதாவது கட்டாயம். வாங்குபவர் பக்கத்தில் யாரோ நடுவில் ஓர் உறுப்பைச் சேர்த்து, மின்ஆக்கர்ஸை 0 என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள். கட்டாய உறுப்பு ஒன்றைச் சேர்த்தால் பழைய ஸ்கீமாவின்படி செய்தி அனுப்பும் மென்பொருள்கள் அத்தனையும் உடையும். அப்படிச் சேர்ப்பவர்கள் நேம்ஸ்பேஸில் புதிய பதிப்பு எண் போட்டு, பழைய முகவரியையும் சில காலம் ஓட விட வேண்டும். இதை அவர்களிடம் பணிவாகவும் தெளிவாகவும் எழுதிக் கேளுங்கள். இது உங்கள் குறையன்று.

இப்போது சைஸ்.

கிளாஸ்களைப் புதிய டபிள்யூஎஸ்டிஎல் கொண்டு மறுபடி உருவாக்கினால் சைஸ் புலம் ஜாவாவின் புள்ளி எண் வகையான பிக்டெசிமல் ஆகும். 3.5 என்பது 3.5 ஆகவே உள்ளே வரும். அதோடு 0 மறையும். எல்லாரும் நிம்மதியாக எழுந்து போகும் இடம் இது. உங்கள் ஆரக்கிள் டேபிளில் சைஸ் நெடுவரிசை எப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா? 36, 37 என்று இருந்த காலத்தில் யாராவது நம்பர்(2), அதாவது இரண்டு இலக்க முழு எண், என்று எழுதியிருந்தால், 3.5ஐ அதில் போடும்போது ஆரக்கிள் பிழை சொல்லாது. முழு எண்ணாக்கி 4 என்று எழுதிக்கொள்ளும்.

உங்கள் ஆர்டரில் சைஸ் வாரியான எண்ணிக்கை இருந்தால் போட்டுப் பாருங்கள். 3.5க்கு இருக்கும் ஜோடிகள் 4ல் சேரும், 4.5ன் ஜோடிகள் 5ல் சேரும். மொத்தம் 1,200 சரியாக இருக்கும். சைஸ்கள் எல்லாம் பட்டியலில் உள்ளவை. ஜாப் கார்டு 1,200 ஜோடிக்கும் அழகாக அச்சாகும். சூப்பர்வைசர் மாடிக்கு வர மாட்டார். 0 என்பது கண்ணில் குத்தும் தவறு. 4 என்பது யாருக்கும் தெரியாத தவறு. இன்று இருக்கும் நிலையைவிட அது மோசம்.

எல்லா டேட்டாபேஸும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் முழு எண் நெடுவரிசைக்கு 3.5 போனால் 4. எஸ்க்யூஎல் சர்வரில் டெசிமலை இன்ட் ஆக மாற்றினால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 3 என்று வைக்கும். ஒரே ஆர்டர் இரண்டு கிளைகளில் இரண்டு விதமாக ஓடும் சாத்தியம் இருக்கிறது.

அரை சைஸ் என்பது சின்ன விஷயம் என்று கணினிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். இங்கிலாந்து அளவில் ஒரு முழு சைஸ் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அரை சைஸ் ஆறில் ஒரு பங்கு. ஷூவுக்கு வடிவம் தரும் லாஸ்ட் அச்சின் நீளத்தில் ஏறக்குறைய 4.2 மில்லிமீட்டர். காலுக்கு அது நன்றாகவே தெரியும். பேரணாம்பட்டிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் காலையில் பஸ் ஏறி வந்து அப்பர் தைக்கும் பெண்களின் உழைப்பு, கணினியில் யாரோ எண்ணைத் தட்டையாக்கியதால் ரிஜெக்ட் ஆகிக் கிடப்பதை என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே செய்தி உள்ளே நுழையும் வாசல் தொடங்கி கடைசியில் காகிதத்தில் அச்சாகும் வரை சைஸ் கடந்து போகும் ஒவ்வொரு இடத்தையும் தொடுங்கள். கிளாஸ், டேபிள் நெடுவரிசை, ஸ்டோர்டு புரொசீஜரின் உள்ளீடு, சைஸ் பட்டியல், ரிப்போர்ட்டில் எண் அச்சாகும் வடிவம். ஜாவாவில் இன்னொரு பொறி உண்டு. பிக்டெசிமலில் 3.5ம் 3.50ம் ஈக்வல்ஸ் கொண்டு ஒப்பிட்டால் சமமல்ல, கம்பேர்டூ கொண்டு ஒப்பிட்டால்தான் சமம். சைஸை ஹேஷ்மேப்பின் சாவியாக வைத்திருந்தால் அங்கே ஜோடிகள் தொலையும்.

கடைசியாக, உங்கள் பக்கத்துக்கும் காவல் போடுங்கள். ஜாவாவில் வெப் சர்வீஸ் செய்திகளைக் கையாளும் ஜேஏஎக்ஸ்டபிள்யூஎஸ்ஸில் ஸ்கீமா வேலிடேஷன் ஃபீச்சர் இருக்கிறது. சர்வீஸை அழைக்கும் உங்கள் பக்கத்திலும் அதை இயக்கலாம். இயக்கினால் போகும் செய்தியும் வரும் செய்தியும் நீங்கள் வைத்திருக்கும் ஸ்கீமாவோடு ஒப்பிடப்படும். அடுத்த சீசனில் அவர்கள் மறுபடி எதையாவது மாற்றினால், ஆர்டர் உள்ளே வராமல் நிற்கும், பிழையும் உங்கள் கண்ணில் படும். நிற்கட்டும். தவறாக உள்ளே வருவதைவிட நிற்பது நல்லது. சரிபார்ப்பை நிறுத்தச் சொல்லி அவர்களைக் கேட்கும் யோசனையை இதனால்தான் நான் ஏற்கவில்லை. இன்று உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தச் சரிபார்ப்பு ஒன்றுதான்.


காட்பாடி டாட்நெட் எழுதியது:

அக்கா சொன்னது ஜாவா உலகம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் பக்கம் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு செய்திகள் சேர்க்கிறேன்.

டாட்நெட்டின் வெப் சர்வீஸ் கருவியான டபிள்யூசிஎஃப்பில் டேட்டாகான்ட்ராக்ட் சீரியலைசர், ஒவ்வொரு புலத்துக்கும் வரிசை எண் கொடுக்காவிட்டால் உறுப்புகளை அகர வரிசையில்தான் எதிர்பார்க்கும். செய்தியில் அவை வேறு வரிசையில் வந்தால் பிழை வராது. அந்த உறுப்பைத் தாண்டிப் போய்விடும், புலம் வெற்றாகவோ 0 ஆகவோ நிற்கும். பெயர் சரி, மதிப்பு சரி, நேம்ஸ்பேஸ் சரி, இருந்தும் ஏன் வெற்று என்று நாள் கணக்கில் தேடுவார்கள். வரிசைதான் காரணம்.

இரண்டாவது, எக்ஸ்எம்எல் சீரியலைசர் கொண்டு உருவான கிளாஸ்களில் விருப்பப் புலமாக ஓர் எண் இருந்தால், பக்கத்திலேயே அதே பெயருடன் 'ஸ்பெசிஃபைட்' என்று முடியும் இன்னொரு புலம் இருக்கும். அதை ட்ரூ ஆக்காவிட்டால் நீங்கள் மதிப்பு கொடுத்தும் அது செய்தியில் ஏறாது.

இங்கே உள்ளூர் உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். நான் பராமரிக்கும் ஒரு சர்வீஸில் மாவட்டப் பெயர்களை எனுமரேஷனாக, அதாவது மூடிய பட்டியலாக, ஸ்கீமாவுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. புதிய பெயருடன் அனுப்பியவர்களுக்கு சிவிசி-எனுமரேஷன்-வேலிட் என்று பிழை. பழைய பட்டியலை வைத்திருந்தவர்கள், திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்ட ஆம்பூரின் முகவரியை வேலூர் மாவட்டம் என்றே அனுப்பினார்கள், அது சிக்கலின்றி ஏறிவிட்டது. மாறக்கூடிய பட்டியலை ஸ்கீமாவுக்குள் பூட்டக் கூடாது. தனிப் பட்டியலாக வைத்து, அதற்கென்று ஒரு கோரிக்கையில் எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.


விஷாரம் தோல் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் தொழிலில் இருக்கிறேன். மென்பொருள் என் தொழில் இல்லை, ஆனால் எங்கள் கணக்குகளைச் சரிபார்ப்பவன் என்ற முறையில் ஒன்று கேட்க விரும்புகிறேன்.

எங்களிடம் நடந்தது இது. தோலின் பரப்பளவை நாங்கள் சதுர அடியில் அளக்கிறோம். ஒரு வாங்குபவரின் சர்வீஸில் 'ஏரியா' என்று ஒரு புலம் இருந்தது, வகை டெசிமல். அவர்கள் எதிர்பார்த்தது சதுர மீட்டர். 1 சதுர அடி என்பது 0.0929 சதுர மீட்டர். 2,000 சதுர அடி என்றால் 185.8 சதுர மீட்டர்தான். 2,000 என்று அனுப்பினோம், அது தடையின்றிப் போனது. எண் செல்லுபடியாகும் எண், உறுப்பு சரியான உறுப்பு, வரிசையும் சரி. விலைப்பட்டியலோடு ஒப்பிடும்போதுதான் தெரிந்தது. புலத்தின் பெயரிலோ பக்கத்திலோ அலகு எழுதப்படவே இல்லை.

உங்கள் சைஸிலும் அதே பயம் எனக்கு இருக்கிறது. 6.5 என்றால் எந்த நாட்டு 6.5? இங்கிலாந்து அளவிலும் அரை சைஸ் உண்டு, அமெரிக்க அளவிலும் உண்டு. ஒரே எண் இரண்டிலும் வேறு காலைக் குறிக்கும். ஐரோப்பிய எண் 38, 39 என்று பெரிதாக இருப்பதால் குழப்பம் வராது, ஆனால் இந்த இரண்டும் எண்ணைப் பார்த்தால் ஒன்றாகவே இருக்கும். புதிய ஸ்கீமாவில் அளவுமுறை எது என்று சொல்லும் புலம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் வாங்கி வையுங்கள்.


ஆம்பூர் கணினிப்பிரிவு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்ன வரிசையிலேயே போனேன்.

டபிள்யூஎஸ்டிஎல் கோப்பில் வேறுபாடு இல்லை. அது இழுக்கும் எக்ஸ்எஸ்டி ஒன்றில்தான் எல்லா மாற்றமும் இருந்தது. கண்ட்ரிஆஃப்ஆரிஜின் மட்டுமில்லை. அதற்குக் கீழே கார்ட்டன் பகுதியில் இன்னொரு கட்டாய உறுப்பும் சேர்ந்திருக்கிறது. கைமுறையாக ஒன்றைச் செருகியிருந்தால் அங்கே போய் நின்றிருக்கும். சைஸ் இன்டிலிருந்து டெசிமல் ஆகியிருக்கிறது. பாய் கேட்ட அளவுமுறைப் புலமும் இருக்கிறது, பெயர் 'சைஸ்சிஸ்டம்'. ஆனால் அது விருப்பப் புலம். எங்கள் பழைய கிளாஸுக்கு அது தெரியாததால் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது. வந்த செய்திகளில் யுகே என்றே இருக்கிறது.

ஆரக்கிள் நெடுவரிசை நம்பர்(2) தான். சோதனை டேட்டாபேஸில் புதிய கிளாஸ்களை மட்டும் வைத்து, டேபிளை மாற்றாமல் அதே ஆர்டரை எடுத்துப் பார்த்தேன். வாங்குபவர் அனுப்பியது இது: 3க்கு 60 ஜோடி, 3.5க்கு 100, 4க்கு 140, 4.5க்கு 160, 5க்கு 180, 5.5க்கு 160, 6க்கு 140, 6.5க்கு 120, 7க்கு 80, 8க்கு 60. டேபிளில் விழுந்தது இது: 3க்கு 60, 4க்கு 240, 5க்கு 340, 6க்கு 300, 7க்கு 200, 8க்கு 60. கூட்டினால் 1,200. கார்டு குறையில்லாமல் அச்சானது. அதை சூப்பர்வைசரிடம் காட்டினேன். மொத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், சைஸ் வரிசையில் விரலை வைத்ததும் முகம் மாறிவிட்டது. "இதை அனுப்பியிருந்தால் வெட்டியிருப்போமே" என்றார்.

நெடுவரிசையை, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வைக்கும் நம்பர்(4,1) ஆக மாற்றி, ஸ்டோர்டு புரொசீஜரையும் சைஸ் பட்டியலையும் ரிப்போர்ட்டையும் திருத்திய பிறகு சோதனையில் பத்து சைஸும் பத்து வரிகளாக வருகின்றன. டெலிவரி செய்தியும் அவர்களுடைய சோதனை சர்வரில் ஏற்கப்பட்டது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஏற்கெனவே 0 என்று உள்ளே வந்த ஆர்டர்களை என்ன செய்வது? ஒவ்வோர் ஆர்டரிலும் நான்கைந்து 0 வரிகள் இருக்கின்றன. சைஸ் வரிசையை வைத்து எது 3.5, எது 4.5 என்று ஊகித்து அப்டேட் செய்துவிடலாம் என்று என்னுடன் இருப்பவர் சொல்கிறார். இரண்டாவது, ஜாவா 8ஐ விட்டு மேலே போக வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதோடு சேர்த்துச் செய்துவிடலாமா?


பாலாற்றங்கரை எழுதியது:

டேபிளை மாற்றாமல் ஓட்டிப் பார்த்து அந்த எண்களை இங்கே போட்டதற்கு மிகவும் நன்றி தம்பி. பின்னால் வருகிறவர்களுக்கு என் விளக்கத்தைவிட அந்த இரண்டு வரிகள் உதவும்.

ஊகித்து அப்டேட் செய்யாதீர்கள். இந்த ஆர்டரில் 7.5 இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 7க்குப் பிறகு நேராக 8. வரிசையை வைத்து ஊகித்தால் அந்த மாதிரி இடத்தில் சறுக்கும். பிழையுள்ள ஆர்டர் எண்களைப் பட்டியல் எடுத்து, அவற்றை சர்வீஸிலிருந்தே மறுபடி எடுங்கள். மறுபடி எடுக்க சர்வீஸ் அனுமதிக்கவில்லை என்றால் அவர்களிடம் கேட்டுப் பெறுங்கள். வந்த மூல எக்ஸ்எம்எல்லை எங்காவது சேமித்திருந்தால் அதிலிருந்தும் எடுக்கலாம். இனிமேலாவது, வரும் ஒவ்வொரு செய்தியையும் தொடுவதற்கு முன் அப்படியே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இடம் அதிகம் பிடிக்காது. வெட்டுவதற்குக் கார்டு போய்விட்ட ஆர்டர்கள் இருந்தால் அவற்றை முதலில் பாருங்கள், 0 வரிகள் விடுபட்டிருப்பதால் குறைவாகத்தான் வெட்டியிருப்பார்கள், தவறாக வெட்டியிருக்க மாட்டார்கள்.

ஜாவா மாற்றத்தை இதோடு சேர்க்காதீர்கள். ஜேஏஎக்ஸ்பியும் ஜேஏஎக்ஸ்டபிள்யூஎஸ்ஸும் ஜாவா 11லிருந்து ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகேவுக்குள் இல்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். புதிய பதிப்புகளில் ஜாவாஎக்ஸ் என்ற பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா என்று மாறிவிட்டது. பழைய கிளாஸ்களில் இருக்கும் அனோட்டேஷன் குறிப்புகளைப் புதிய லைப்ரரி அடையாளம் கண்டுகொள்ளாது, அவை வெறும் கிளாஸ்களாகிவிடும். அதுவும் ஒரு பொருந்தாமைதான், ஆனால் அதன் அறிகுறிகள் இதனுடன் கலந்தால் எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. கண்டெய்னர் போகட்டும், சீசன் ஆர்டர்கள் முடியட்டும், அதன் பிறகு தனி வேலையாக எடுங்கள்.

வாங்குபவருக்கு எழுதும் மெயிலில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும். சைஸ்சிஸ்டம் புலத்தைக் கட்டாயமாக்க வேண்டும், அல்லது அது வராவிட்டால் எந்த அளவுமுறை என்று எழுத்தில் தர வேண்டும். கட்டாய உறுப்பு சேர்க்கும்போது நேம்ஸ்பேஸில் பதிப்பு மாற வேண்டும். மாற்றத்துக்கு முன் சோதனை சர்வரில் வைத்துத் தெரிவிக்க வேண்டும். பழைய முகவரி எந்த நாள் வரை ஓடும் என்று தேதி சொல்ல வேண்டும். உங்கள் சூப்பர்வைசரிடம் காட்டிய அந்த இரண்டு வரிசைகளையும் மெயிலில் இணையுங்கள். ஷூ வியாபாரம் செய்பவர்களுக்கு 3.5க்கு இருந்த 100 ஜோடி 4ல் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையிலேயே அனுப்பிவிடுங்கள். அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே மதியம் தாண்டிவிடும், அவர்கள் மேசையில் முதல் மெயிலாக அது இருக்கும்.


ஆம்பூர் கணினிப்பிரிவு எழுதியது:

மெயில் போய்விட்டது அக்கா, நீங்கள் சொன்ன நான்கும் அதில் இருக்கின்றன. 0 வரிகள் இருந்த ஆர்டர்களைப் பட்டியல் எடுத்துவிட்டோம். வெட்டுவதற்குப் போனது ஒன்றுதான், அதில் முழு சைஸ்கள் மட்டுமே வெட்டப்பட்டிருக்கின்றன. மற்றவற்றை சர்வீஸிலிருந்து மறுபடி எடுக்க முடிகிறது. ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் முழு ஆர்டரையும் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை விடுமுறை, அன்று உண்மையான டேபிளை மாற்றுகிறோம். ஸ்கீமா சரிபார்ப்பையும் அன்றே இயக்கிவிடுவோம். வாங்குபவரிடமிருந்து பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.